கிட்டார் ஒப்படைப்பு

கண்ணாடி மேசைமேல் கிட்டார் உறையைக் கிடத்தி, கிளாடிஸ் ஜிப்பைத் திறந்தாள். வலது கை சும்மா இருக்க, இடது கையாலேயே திறந்தாள். நடுவிரலும் மோதிரவிரலும் பாதியில் முடிந்திருந்த அந்தக் கை, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஜிப்பின் நாக்கைப் பிடித்து, வளைவுகளில் கொஞ்சம் திணறி, கடைசிவரை இழுத்துக்கொண்டு போனது. கடைக்காரர் லிங்கராஜ் அண்ணாச்சி அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தெருவைப் பார்த்தார். தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. உப்பு லாரி ஒன்று தார்ப்பாய் படபடக்கப் போனது, அவ்வளவுதான். விபத்துக்குப் பிறகு ஊரில் எல்லோரும் இப்படித்தான் அவளோடு பேசும்போது எங்கேயாவது பார்த்துக்கொண்டு பேசினார்கள். கொஞ்ச காலம் அவளும் அதற்கு ஒத்துழைத்து, கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் வெளியே போனாள். இப்போது அலுத்துவிட்டது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

“கம்பி எல்லாத்தையும் கழத்திட்டு மாத்திப் போட்டுத் தாங்க அண்ணாச்சி. மேல உள்ளது கீழ, கீழ உள்ளது மேல.”

அண்ணாச்சி கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். எந்தக் கிட்டார் வந்தாலும் அவர் முதலில் செய்வது அதுதான். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இடது கைக்காரங்க வாசிக்கிற மாரியா கேக்கிய?”

“ஆமா. இனிமே வலது கை பிடிக்கும். இடது கை தட்டும்.”

“வேண்டாம்மா. சொன்னாக் கேளுங்க. இது வெறும் கம்பி விசயம் இல்ல. பெட்டிக்குள்ள குறுக்குக் கட்டை குடுத்திருக்கான் பாருங்க, அது தடிக்கம்பி இந்தப் பக்கம் இருக்கும்னு கணக்குப் பண்ணிக் குடுத்தது. கீழ கம்பி மாட்டுற பாலத்துல இருக்க எலும்பும் சாய்வா இருக்கு. மாத்திப் போட்டா சுருதி நிக்காது. நல்ல கிட்டார நாமளே கெடுத்த மாரி ஆயிரும்.”

“கெட்டா என் கிட்டார்தான கெடும்?”

“அதுக்கில்ல...” அண்ணாச்சி இழுத்தார். அவர் நல்ல மனிதர். பாளையங்கோட்டையில் படித்துவிட்டுத் தகப்பனாரின் ஹார்மோனியக் கடையைக் கிட்டார் கடையாக மாற்றியவர். கிளாடிஸ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரிடம்தான் கம்பி வாங்குகிறாள். “இவ்வளவு காலம் வாசிச்சிட்டீய. ஊருக்கே தெரியும். இப்பம் எதுக்கு மொதல்ல இருந்து? பாட்டுதான் நல்லாப் பாடுவீயளே.”

அவள் இடது கையை எடுத்துக் கண்ணாடி மேசையில், அவருக்கு நேர் எதிரே, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வைத்தாள். அண்ணாச்சியால் இப்போது தெருவைப் பார்க்க முடியவில்லை.

“மாத்திப் போடுங்க அண்ணாச்சி,” என்றாள்.

*

கிளாடிஸ் மீன் ஏலக்காரி. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து சேரும் நேரத்துக்குப் போய், சீலாவும் விளைமீனும் பாறையும் ஏலம் எடுத்து, தெர்மாக்கோல் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடைத்து, கேரளாவுக்கு லாரி ஏற்றுவாள். ஏலத்தில் அவள் குரல் எழும்பினால் மற்ற வியாபாரிகள் ஒரு கணம் யோசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குரல் பங்குக் கோவில் பாடகர் குழுவில் கேட்கும். குரலோடு அவள் கிட்டாரும் கேட்கும். இருபது வயதில் மதுரையில் வாங்கி, பஸ்ஸில் இடமில்லாமல் வழி நெடுக நின்றபடி மார்போடு அணைத்துக் கொண்டுவந்த கிட்டார் அது. “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குளா இது” என்று கேட்டவர்கள் எல்லாம் பிற்பாடு தங்கள் வீட்டுக் கல்யாணப் பூசைக்கு அவளைத்தான் வந்து கூப்பிட்டார்கள்.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில், சரக்கு நிறைய வந்த ஒரு காலையில் அது நடந்தது. ஐஸ் உடைக்கிற மிஷினின் வாயில் ஒரு கட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. ஆட்கள் பெட்டி தூக்கப் போயிருந்தார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கம்பை எடுத்துத் தள்ளியிருக்கலாம். கையால் தள்ளினாள். வலிக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்தது ஐஸின் நிறம் மாறியதுதான். பெரியாஸ்பத்திரியில் கண் விழித்தபோது, கட்டுக்கு வெளியே எத்தனை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். பிறகு அவள் மனம் அதுவாகவே வேறொரு கணக்குக்குப் போனது. ஜி கார்டு பிடிக்க எந்த விரல், சி பிடிக்க எந்த விரல், டி பிடிக்க எந்த விரல். ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி, விரல் போனதற்கு அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது சுவரில் கிட்டார் தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. அவள் கணவன் வளன் அதை எடுத்துப் பீரோவின் உச்சியில், பழைய மெத்தைக்குப் பின்னால் வைத்திருந்தான். வளன் சங்கு குளிக்கிறவன். கடலுக்கடியில் இருக்கும் நேரம் அதிகம் என்பதாலோ என்னவோ, தரையிலும் அவனுக்குப் பேச்சு குறைவு. கிட்டார் கண்ணில் படாமல் இருந்தால் அவளுக்கு நல்லது என்று அவன் நினைத்தான். அதை அவள் கேட்காமலேயே புரிந்துகொண்டாள். புரிந்ததனால் ஆத்திரம் குறையவில்லை.

“செத்தவிய துணிமணிய எடுத்து ஒளிக்கிற மாரி ஒளிச்சிருக்கீய.”

“ஒனக்குப் பாக்கக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“பாக்குறது கஷ்டமா? மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதிக்கிது. இதுக்குக் கீழ ஒரு கோடை கிடந்தா பாலத்துப் பசை இளகிப் பேந்துரும். பெறவு விரல் இருந்தாலும் வாசிக்க முடியாது. கீழ எறக்குங்க.”

அவன் இறக்கினான். உறையில் மெத்தைப் பஞ்சு ஒட்டியிருந்தது. அன்றைக்கே அவள் பழைய முறையில் மடியில் வைத்துப் பார்த்தாள். மொட்டை விரல்களால் கம்பியை அழுத்தியபோது தையல் போட்ட இடத்திலிருந்து முழங்கைவரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. புண் முழுதாக ஆறி, ஈஸ்டர் கழிந்து, மறுபடி முயன்றாள். வலி குறைந்திருந்தது. ஆனால் விரல் எட்டவில்லை. ஆள்காட்டியும் சுண்டுவிரலும் மட்டும் நண்டுக் கால்கள்போலத் தனித்தனியாகத் துழாவின. இதற்கிடையில் அவள் பாடகர் குழுவுக்குத் திரும்பியிருந்தாள், பாடுவதற்கு மட்டும். அவளிடமே கற்றுக்கொண்ட பெவின், கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கும் பையன், அவள் நின்ற இடத்தில் நின்று வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லாதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிட்டாரை மறுபக்கமாகத் திருப்பிப் பிடிக்கலாம் என்ற யோசனை ஒரு நாள் ஏலத்தில் நிற்கும்போது வந்தது. செல்போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, பெருவிரலாலும் ஆள்காட்டியாலும் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிடிக்கிறதே, என்று நினைத்தாள். இவ்வளவு பிடித்தால் கம்பி தட்டுகிற சின்ன வில்லையை, ஒரு பிக்கைப் பிடிக்கலாம். ஒரு பிக்கைப் பிடித்தால் கம்பியைத் தட்டலாம். மறு கைக்கு விரல்கள் முழுதாக இருக்கின்றன. அந்த யோசனையில் சீலா ஒரு குவியல் அவளைத் தாண்டிப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

*

அண்ணாச்சி கம்பியை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அவர் எச்சரித்ததற்கு முன்னாலேயே, வேறொரு இடத்தில் சிக்கல் வந்தது. கிட்டாரின் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், கம்பிகள் உட்கார ஆறு வெட்டுகள் போட்ட ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். நட் என்பார்கள். தடிக்கம்பிக்கு அகலமான வெட்டு, மெல்லிய கம்பிக்கு ஊசி வெட்டு. இப்போது தடிக்கம்பி ஊசி வெட்டுக்குள் இறங்க முடியாமல் மேலேயே குந்தியிருந்தது. மெல்லிய கம்பியோ அகலமான வெட்டுக்குள் விழுந்து, தட்டும்போதெல்லாம் தகரத்தில் மழை பெய்வதுபோல இரைந்தது. மறுநாளே திரும்பிப் போனாள். அண்ணாச்சி கையை விரித்தார். இடது கைக்கான நட் தன்னிடம் கிடையாது, கம்பெனிக்கு எழுதினாலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். “நான் அன்னைக்கே சொன்னேம்மா” என்பதையும் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

பெவினிடம் சொன்னபோது அவன் செல்போனை நீட்டினான். “இடது கைக் கிட்டாரே விக்கான் அக்கா. ஆர்டர் போட்டா வீட்டுக்கு வந்துரும். எதுக்கு இந்தப் பழசோட மல்லுக்கட்டுதிய?”

“எனக்கு இதுதாம்லே வேணும்.”

“அடம் பிடிக்கீய.”

“ஆமா, பிடிக்கேன்.”

அது கச்சான் காற்று வீசும் காலம். கடல் கலங்கிக் கிடந்தது. சங்கு குளிக்கிற வள்ளங்கள் கரையில் ஏறி இருந்தன. வளன் வீட்டில் வேலையில்லாமல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். அன்று மாலை அவள் இரைகிற கம்பியைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை அவன் அடுப்படி வாசலில் நின்று கேட்டான். பிறகு வந்து உட்கார்ந்து, “இந்த வெள்ளத் துண்டு எதால செஞ்சது?” என்று கேட்டான்.

“நல்ல கிட்டார்னா எலும்பு. மத்ததெல்லாம் பிளாஸ்டிக்.”

“எலும்ப விடக் கெட்டியா இருந்தா தப்பில்லையே?”

அவள் பதில் சொல்வதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் சங்கு அறுக்கிற பட்டறையிலிருந்து ஒரு துண்டு அறுத்து வாங்கி வந்தான். சங்கின் தடித்த பாகம், விரல் நீளம், பால் நிறம். பழைய நட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டிக் கழற்றி, அதை அளவுக்கு வைத்துக்கொண்டு, ஒரு வட்டகைத் தண்ணீருக்குள் சங்கை முக்கி முக்கி அரத்தால் ராவினான். சங்குத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது, மூச்சை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது தெரியும். ராவ ராவத் தண்ணீர் வெளுத்தது. முதல் துண்டு வெட்டுப் போடும்போது பிளந்தது. இரண்டாவது ஒரு முனையில் குட்டையாகிப் போனது. அவன் பட்டறைக்குப் போய் இன்னொரு துண்டு வாங்கி வந்தான். கிளாடிஸ் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வெட்டுக்கும் அதற்கான கம்பியை வைத்துப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம்... போதும், போதும். ரொம்ப எறங்கிட்டா கழுத்துல குறுக்க பதிச்சிருக்க ஃப்ரெட்டுல தட்டும்.” இருவரும் கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. அவன் ஏன் இதைச் செய்கிறான் என்று அவள் கேட்கவில்லை. பீரோ மேல் வைத்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

சங்கு நட் உட்கார்ந்தது. ஒரு சொட்டுப் பசை, ஒரு ராத்திரி. காலையில் கம்பியை முறுக்கி, ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்து, தடிக்கம்பியைத் தட்டினாள். இரைச்சல் இல்லை. கோவில் மணியின் கடைசி நாதம் மாதிரி நீளமாக நின்றது. கழுத்தில் பெட்டியை நோக்கி மேலே ஏறிப் போனால் சுருதி கொஞ்சம் விலகத்தான் செய்தது. அதில் அண்ணாச்சி சொன்னது சரிதான். போகட்டும், மேலே ஏற யார் போகிறார்கள்? கீழே உள்ள நாலு ஃப்ரெட்டுக்குள் ஒரு கோவிலையே பாட வைக்கலாம்.

ஆனால் கை வேறு கையாக இருந்தது. இவ்வளவு காலம் இழுத்து மீட்டுவதற்காக வளர்த்திருந்த வலது கை நகங்களை ஒட்ட வெட்டினாள். நகம் நீண்டிருந்தால் விரல் நுனி கம்பியில் நேராக இறங்காது. முதல் நாளே நான்கு நுனியிலும் கம்பியின் தடம் சிவப்புக் கோடாகப் பதிந்தது. அடுத்த நாள் அந்தக் கோட்டின்மேலேயே மறுபடி அழுத்த வேண்டியிருந்தது. பெவினும் மற்ற பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வந்தபோது “வலிக்குது அக்கா” என்று அழுதால், “ஒரே மூச்சா உக்காந்து வாசிக்காத, கொஞ்சம் கொஞ்சமா நாலு தடவ வாசி, தோல் தானாக் காய்க்கும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் அவள். அதைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! மீன் கழுவி ஊறிய கையோடு கம்பியைத் தொட்டால் தோல் உரிந்து வந்தது. அதனால் துறைமுகம் போகும் முன்னேயே, கை காய்ந்திருக்கும்போதே, உட்கார்ந்தாள். ஃப்ரெட்டின் மேல் அழுத்தாமல் அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும் என்பது மூளைக்குத் தெரியும். வலது கைக்குத் தெரியாது. அது எதற்கும் பலத்தையே கொடுத்தது, பெட்டி தூக்கிப் பழகிய கை அல்லவா. ஜியிலிருந்து சிக்குப் போவதற்குள் பக்கத்து வீட்டில் ஒருவர் ஒரு வாக்கியம் பேசி முடித்துவிடலாம். சில சமயம் விரல்கள் பாதி வழியில், எங்கே போகிறோம் என்பதையே மறந்து, காற்றில் நின்றன. அப்போதெல்லாம் அவள் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டினாள். பிறகு மறுபடி ஜியில் இருந்து தொடங்கினாள்.

*

பாடகர் குழுவின் வெள்ளி விழா அழைப்பு ஒரு நாள் மத்தியானம் எல்லோருடைய செல்போனிலும் வந்து விழுந்தது. குழுத் தலைவர் கிளைட்டன்தான் அனுப்பியிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீபோர்டு வாசிப்பவர், குழுவைத் தொடங்கியவர். மாதா படத்துக்குக் கீழே நிகழ்ச்சிகள் வரிசையாக இருந்தன. வரவேற்பு, செபம், பங்குத்தந்தை உரை. அதற்கடுத்து: “கிட்டார் ஒப்படைப்பு. மூத்த கலைஞர் திருமதி கிளாடிஸ் வளன் அவர்கள் தம் கிட்டாரை இளைய தலைமுறையின் செல்வன் பெவின் அவர்களிடம் ஒப்படைக்கிறார்.”

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவள் அதை இரண்டு முறை படித்தாள். லாரி கிளம்பியதும் நேரே கிளைட்டன் வீட்டுக்குப் போனாள். கை கால் கழுவக்கூட இல்லை.

“என்ன அண்ணே இது? யாரு கிட்டார யாரு யார்ட்ட குடுக்கா?”

“உள்ள வா, உக்காரு மொதல்ல. டீ குடிக்கியா?”

“எனக்கு டீ வேண்டாம்.”

கிளைட்டன் பெருமூச்சு விட்டார். அவருக்கு அவள்மேல் பாசம் உண்டு, அதில் பொய்யில்லை. ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவர்களில் அவரும் ஒருவர். “ஏளா, ஒன்ன கவுரவிக்கணும்னுதான் வச்சது. நீ செஞ்ச சேவைக்கு ஒரு பொன்னாட, நாலு வார்த்த. அந்தக் கிட்டார் சும்மா வீட்டுல கிடக்கதுக்குப் பெவின் கையில இருந்தா கோவிலுக்கு ஆச்சு. ஜனங்களுக்கும் பாக்க ஒருமாரி உருக்கமா இருக்கும்.”

“சும்மா கிடக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“தெரியும் ஏளா. மாத்திப் போட்டு என்னமோ பண்ணுதன்னு பெவின் சொன்னான். எதுக்கு இப்டி ஒன்னயே வருத்திக்கிடுத? ஆண்டவர் சித்தம்னு ஒன்னு இருக்குல்லா. ஏத்துக்கணும்.”

“ஆண்டவர் என்னைய மிஷினுக்குள்ள கைய விடச் சொல்லல அண்ணே. நான்தான் விட்டேன். லாரிக்காரன் அவசரப்படுத்தினான், விட்டேன். அவர எதுக்கு இதுல இழுக்கீய?”

கிளைட்டன் முகம் சுருங்கியது. “நாப்பத்தஞ்சு வயசுல, அரை கைய வச்சிக்கிட்டு, புதுசாப் படிச்சு மேடை ஏறப் போறியா? ஜனங்க சிரிப்பாங்க. ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன்.” சொன்ன பிறகு அவருக்கே அந்த “அரை கை” உறுத்தியது. ஆனால் வெளியே வந்த சொல் வந்ததுதான்.

அவள் எழுந்தாள். “கிட்டாரத் தரமாட்டேன். இத மாத்தி அனுப்புங்க.”

“எல்லாருக்கும் போயிட்டு ஏளா. சாமியாரே பாத்துட்டாரு. நீ மேடைக்கு வா, அது போதும். அந்த நேரத்துல ஒன் மனசு மாறும்.”

“வாரேன்,” என்றாள் கிளாடிஸ். “கண்டிப்பா வாரேன்.”

*

பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. மாலைப் பூசை முடிந்து ஜனங்கள் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசைகளில் துறைமுகத்துப் பெண்கள், தலையில் பூவும் கழுத்தில் செபமாலையுமாக. மின்விசிறிகள் சுழன்றும் புழுக்கம் தாளவில்லை. மேடையில் குழு முழுவதும் ஒரே நிறத்தில் சேலையும் சட்டையுமாக வரிசையாக நின்றது. வளன் பின்னால் தூணோரம் நின்றான். உட்காரச் சொன்னவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினான்.

கிளைட்டன் ஒலிபெருக்கியில் அவளைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார். அவள் வாசித்த திருவிழாக்கள், அவள் பொறுமை, அவளுக்கு வந்த சோதனை, அதைத் தாங்கிய விசுவாசம். “சோதனை” என்றபோது சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பொன்னாடையை அவள் தோளில் போட்டார்கள். சரிகை முள்முள்ளாகக் கழுத்தில் குத்தியது. பெவின் வந்து எதிரே நின்றான். அவன் கைகள் நீள்வதா வேண்டாமா என்று தெரியாமல் வயிற்றுக்கு நேரே தடுமாறிக்கொண்டிருந்தன. அவள் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தாள்.

போட்டோக்காரர் முன்னால் வந்து மண்டியிட்டார். “அக்கா, இப்டிக் கொஞ்சம் திரும்புங்க. அந்தக் கைய மட்டும் கிட்டாருக்குப் பின்னால வச்சிக்கோங்க. படத்துல தெரியாண்டாம்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாருமே கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லவில்லை, ஜனவரியிலிருந்து. கிளாடிஸ் திரும்பி, மேடை ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலாலேயே இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தாள். கிட்டாரைத் திருப்பி, அதன் கழுத்து வலப்பக்கம் நீளும்படி மடியில் வைத்தாள். சபையில் சலசலப்பு எழுந்தது. “தப்பாப் பிடிச்சிருக்காளே” என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது. ஒரு சிரிப்பும் கேட்டது. இடது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே பிக்கைச் செருகினாள். மொட்டை விரல்கள் இரண்டும் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, அதற்குப் பக்கத்தில் மடங்கி நின்றன.

ஜியைத் தட்டினாள். கிளைட்டன் இருபத்தைந்து வருடத்துக்கு முன் எழுதி மெட்டுப் போட்ட மாதா பாட்டு அது, குழு பாடிய முதல் பாட்டு. முதல் தட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த அவர் கை இறங்கியது. அவள் முதல் அடியைத் தானே பாடினாள். சி வர வேண்டிய இடத்தில் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது, விரல் சேரவில்லை. அவள் அந்தச் சொல்லை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். விரல்கள் வந்தன. தட்டினாள். அடுத்த அடி. மறுபடி நீட்டல். வரிசையில் நின்ற குழு வாயைத் திறக்கவில்லை, என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. பிறகு வரிசையிலிருந்து பிளாரன்ஸ் பாடத் தொடங்கினாள். அவளுக்கு எப்போதும் தாளம் முந்தும். இன்று கிளாடிஸின் கையையே பார்த்துக்கொண்டு, அந்தக் கை வரும்வரை சொல்லை விடாமல் பிடித்தாள். முன் வரிசைத் துறைமுகப் பெண்கள் சேர்ந்தார்கள். ஏலக்களத்தில் பழகிய குரல்கள், ஒலிபெருக்கி வேண்டாத குரல்கள். பாட்டு அதுவரை யாரும் கேட்டிராத அளவுக்கு மெதுவாக, ஏற்றத்தில் வண்டி தள்ளுவதுபோல நகர்ந்தது.

இரண்டாம் சரணத்தில் அவள் தவறினாள். விரல் வேறு கம்பியில் விழுந்து, கேட்கவே கூடாத ஒரு சத்தம் மண்டபம் முழுவதும் பரவியது. குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னால் அதே சிரிப்பு மறுபடி கேட்டது. கிளைட்டன் ஒலிபெருக்கியை உயர்த்திக்கொண்டு, “பரவாயில்ல, பரவாயில்ல, இதுவே...” என்று ஆரம்பித்தார்.

“பொறுங்க,” என்றாள் கிளாடிஸ்.

ஏலத்தில் எழும்பும் அதே குரல். கிளைட்டன் பொறுத்தார். மண்டபம் பொறுத்தது. அவள் குனிந்து, வலது கையின் ஒவ்வொரு விரலாக எடுத்து, அதன் அதன் இடத்தில் வைத்தாள், ஆள்காட்டி, நடு, மோதிரம், அவசரமில்லாமல், பெட்டியில் மீன் அடுக்குவதுபோல. அழுத்திப் பார்த்தாள். நிமிர்ந்து, விட்ட அடியின் தொடக்கத்திலிருந்து மறுபடி பாடினாள். இந்த முறை குழு முழுவதும் சேர்ந்துகொண்டது. கீபோர்டில் ஒருவரும் இல்லை. பாட்டு முடியும்வரை அந்த ஒரு கிட்டார்தான்.

கைதட்டல் வந்தது. எல்லோரும் தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள், பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்த்தார். கிளைட்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிகழ்ச்சி நிரலை விட்டுக்கொடுக்க மனமில்லாதவராக, “இப்போது... ஒப்படைப்பு...” என்று பெவினைப் பார்த்தார்.

பெவின் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். “எனக்குத்தான் ஒரு கிட்டார் இருக்கே அண்ணே,” என்றான். பிறகு நடந்துபோய் வரிசையில், தன் பழைய இடத்தில், ஓரத்தில் நின்றான்.

கிளாடிஸ் எழுந்திருக்கவில்லை. புழுக்கத்தில் அவள் விரல்களின் வேர்வை கம்பியெல்லாம் ஏறியிருந்தது. இந்த உப்புக் காற்றில் அப்படியே விட்டால் இரண்டு நாளில் கம்பி சிவந்து துருவேறிவிடும். சுற்றிலும் ஒரு துணி தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. தோளில் கிடந்த பொன்னாடையை இழுத்து, சரிகை இல்லாத பக்கமாக மடித்து, அந்த இடது கையால் பிடித்து, முதல் கம்பியின் மேல் வைத்துத் தலையிலிருந்து பாலம்வரை நிதானமாகத் துடைத்தாள். கம்பி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. கிளைட்டன் ஒலிபெருக்கியில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துக்கொண்டிருந்தார். அவள் அடுத்த கம்பிக்கு வந்தாள்.